இரண்டிலிருந்து ஏழுக்கு இறங்குவது

வணக்கங்க,

காங்கயம் பக்கத்தில் எங்கள் ஊர் வள்ளி கும்மிக் குழுவுக்குக் கீபோர்டு வாசிக்கிறேனுங்க. விரலால் அமுக்குவதும் கீ, பாட்டின் சுருதியும் கீ, பூட்டுச் சாவியும் கீ. மூன்றும் ஒரே சொல்தானா? 'கீழ்' என்ற தமிழ்ச் சொல்தான் கீ ஆனது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள், உண்மைங்களா? இன்னொன்று, எங்கள் ஆசிரியர் 2 கட்டைச் சுருதியில் பாடுவார். கூடப் பாடும் பெண் பிள்ளைகள் உச்சத்தில் கத்துகிறார்கள். குறைத்தால் எடுப்பு போய்விடும் என்கிறார் ஆசிரியர்.

ஒரு வாசகி

அன்புள்ள அம்மிணிக்கு,

வீடியோவை விட்டுவிடுங்கள், அதில் ஒன்றுமில்லை. மூன்றும் ஒரே சொல்தான். பூட்டுச் சாவி என்ற பொருளில் அது பழைய ஆங்கிலத்திலேயே உண்டு. இசைக்குள் வந்தது லத்தீன் வழியாக. லத்தீனில் சாவிக்கு 'கிளாவிஸ்' என்று பெயர். இடைக்கால ஐரோப்பாவில் ஸ்வரங்களைக் குறிக்கும் எழுத்துகளையும் கிளாவிஸ் என்றார்கள். இசைக்கோடுகளின் தொடக்கத்தில் போடும் 'க்ளெஃப்' அதன் பிரெஞ்சு வடிவம். பழைய ஆர்கன்களில் இழுத்து வாசிக்கும் பலகைகள் மேல் இந்த எழுத்துகளைப் பொறித்தார்கள். எழுத்தின் பெயர் பலகைக்கும் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலம் கிளாவிஸை 'கீ' என்று பெயர்த்துக்கொண்டது. பாட்டின் ஆதார ஸ்வரத்துக்கும் பிறகு அதே பெயர் வந்தது. மேஜர், மைனர் பற்றி இப்போது வேண்டாம். கும்மிக்கு அது தேவைப்படாது.

உறுத்துவது உங்கள் கடைசி வரி. வள்ளி கும்மி அரங்கேற்றங்களைக் கேட்கும்போதெல்லாம் மனதில் ஓடுவதும் அதுதான். கட்டையைக் குறைத்தால் எடுப்பு போகுமாம்! யார் சொன்னது? கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாளின் உச்சக்குரல் ஒலிபெருக்கி பரவாத நாடக மேடையில் வளர்ந்தது. கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் அன்று இருந்தது. இன்று பந்தலின் நாலு மூலையிலும் ஸ்பீக்கர் கட்டிவிட்டு, சின்னப் பிள்ளைகளின் தொண்டையை ஏன் கிழிக்க வேண்டும்?

உங்கள் ஆசிரியரின் ஸட்ஜம், அதாவது ஆதார 'ஸ', 147 ஹெர்ட்ஸ். நொடிக்கு அத்தனை அதிர்வு, எண் கூடினால் சுருதி உயரும். அந்த இடத்தில் பிள்ளைகளுக்குக் குரல் நிற்காது. அதனால் தாமாகவே ஒரு ஸ்தாயி ஏறி, அதாவது இரட்டிப்பாக, 294-இல் பிடிக்கிறார்கள். பாட்டு பஞ்சமத்தோடு ('ப') நின்றால் 440தான், தொந்தரவில்லை. மேல் ஸட்ஜத்தைத் தொட்டால் 587. அதற்கும் மேலே காந்தாரம் ('க') வரை போனால் 740-ஐ நெருங்கும். அங்கேதான் பாட்டு கத்தலாகிறது. பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை.

7 கட்டைக்கு மாற்றுங்கள். "இரண்டே தாங்கவில்லை, ஏழுக்கா?" என்று ஆசிரியர் கேட்பார். கேட்கட்டும். கட்டை எண் கதவு எண் மாதிரி, அது இடத்தைத்தான் சொல்லும், உயரத்தைச் சொல்லாது. ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளுக்கு 1 முதல் 7 வரை எண். கறுப்புக்கு 1½, 2½, 4½, 5½, 6½. ஏழு முடிந்ததும் மறுபடி ஒன்று. ஆகவே 2-லிருந்து கீழே வந்தால் 1½, 1, அடுத்தது கீழ் ஸ்தாயியின் 7. வெள்ளையோ கறுப்போ, அடுத்த கட்டை ஒரு படி. ஆக மூன்றே படி இறக்கம். கீபோர்டில் சுருதியை மாற்றும் ட்ரான்ஸ்போஸில் மைனஸ் 3 வையுங்கள், விரல் பழகிய இடத்திலேயே இருக்கட்டும். பிள்ளைகளின் மேல் ஸட்ஜம் 587-லிருந்து 494-க்கு வந்துவிடும். ஆசிரியர் ஒரு ஸ்தாயி கீழே 123-இல் பாடுவார். 2 கட்டையில் பாடும் ஆண் குரலுக்கு அது பெரிய சிரமமில்லை. ராகம் துளியும் மாறாது.

"ஒரு கட்டை குறை" என்று யாராவது சொன்னால் உடனே இரண்டு படி இறக்காதீர்கள். 5-லிருந்து 4 இரண்டு படி. 4-லிருந்து 3 ஒரே படி, ஏனென்றால் நடுவில் கறுப்புக் கட்டை கிடையாது. 3½ வேண்டும் என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒரு கட்டையே இல்லை. 7½-உம் இல்லை. மேடையில் பாதிச் சண்டை இந்தக் கணக்கில்தான்.

மைனஸ் 3-ஐ நான் சொன்னேன் என்பதற்காக அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒத்திகையில் கீபோர்டை அணைத்துவிட்டு, பாட்டின் உச்ச வரியைப் பிள்ளைகளை மட்டும் பாடச் சொல்லுங்கள். தாமாக எங்கே எடுக்கிறார்கள் என்று கீபோர்டில் தேடிப் பாருங்கள். மூன்று நான்கு முறை பாடவிட்டால் ஒரு இடம் திரும்பத் திரும்ப வரும். கழுத்து நரம்பு புடைத்தால், தாடை மேலே தூக்கினால், இன்னும் ஒரு படி இறக்குங்கள். 6 கட்டைக்குக் கீழே போக வேண்டாம். அங்கே ஆசிரியரின் ஸட்ஜம் 110, அதற்குக் கீழ் ஸ்வரம் வந்தால் அவர் குரல் அமுங்கிவிடும்.

சுருதிப் பெட்டியையும் சேர்த்து மாற்றுங்கள். அது 2-லேயே நின்றால் எல்லாம் அபசுரம்தான். மிருதங்கம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வலந்தலையை (வலக்கைப் பக்கத்தை) மூன்று படி இறக்கினால் நாதம் செத்துவிடும், வேறு மிருதங்கம்தான் வேண்டும். தவிலுக்கு இந்தக் கவலை இல்லை. கரண்ட் போய் வந்தால் பல கீபோர்டுகளில் ட்ரான்ஸ்போஸ் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். திருவிழா மேடையில் விளக்கு மறுபடி எரிந்ததும் முதலில் அதைப் பாருங்கள், பிறகு பாட்டைத் தொடங்கச் சொல்லுங்கள்.