மழைக்கு முன்பே ஏரி மட்டம் இறங்குவது ஏன்?

அணை கசிகிறதோ என்று கேட்கிறீர்கள். பெரும்பாலும் கசிவாக இருக்காது, தண்ணீரை வேண்டுமென்றே திறந்துவிட்டிருப்பார்கள். ஒரே வாரத்தில் 2 மீட்டர் இறங்கிப் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது என்கிறீர்கள். வெள்ளத்தடுப்புக்காகக் கட்டிய நீர்த்தேக்கத்தில் இது வழக்கம்தான். மழைக்காலத்துக்கு முன் மட்டத்தைக் குறைத்து, வரப்போகும் வெள்ளத்துக்கு இடம் ஒதுக்குவார்கள். படகுச் சவாரியெல்லாம் அதற்கு அடுத்தபடிதான். கீழே வசிப்பவர்களின் வீடுகளை நினைத்தால் அதுவே சரி.

2 மீட்டர் மலைப்பாகத் தோன்றலாம். 10 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏரியில் அது சுமார் 2 கோடி கன மீட்டர். விநாடிக்கு 100 கன மீட்டர் வீதம் மதகு வழியே விட்டால் இரண்டரை நாளுக்குள் வெளியேறிவிடும்.

நிர்வாகம் வெளியிடும் அன்றாட நீர்வரத்தையும் வெளியேற்றத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வெளியேற்றம் தெளிவாக அதிகம் என்றால் கவலையை விடுங்கள். கணக்கு உதைத்தாலோ, அணையின் கீழ்ப்புறச் சரிவில் கலங்கிய நீர் புதிதாக ஊறினாலோ உடனே அவர்களுக்குத் தெரிவியுங்கள். தெளிந்த நீர் சிறிதளவு கசிவது பல மண் அணைகளில் உண்டு. மண்ணை அரித்துக்கொண்டு வருவதுதான் ஆபத்து.

படகை இப்போது முரட்டுத்தனமாக இழுக்காதீர்கள், அடிப்பாகம் கிழியும். கயிற்றையும் குட்டையாகக் கட்டி வைக்காதீர்கள். பெருமழை பெய்தால் ஓரிரவில் மட்டம் ஏறும். குட்டைக் கயிறு படகின் முனையைப் பிடித்து நீருக்குள் இழுத்துவிடும். மட்டம் ஏறிய பிறகும் மெதுவாக ஓட்டுங்கள். இன்று கரையில் தெரியும் மரக்கட்டைகள் அன்று நீருக்கு ஒரு சாண் கீழே இருக்கும்.