மக்காவில் சிக்னல் முழுசா இருக்கு, மெசேஜ் மட்டும் போகலையே? ஹஜ், உம்ரா பயணிகளின் செல்போன் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், பெற்றோரை அனுப்பிவைக்கும் பிள்ளைகள் கேட்டவை. வயதானவர்கள் அந்தக் கூட்டத்தில் பிரிந்துவிடக் கூடாதே என்ற கவலை எல்லாக் கடிதத்திலும் இருக்கிறது. அதனால் எந்த ரீசார்ஜ் மலிவு என்று பார்ப்பதைவிட, நெட் கிடைக்காத நேரத்தில் என்ன செய்வது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வாப்பாவும் உம்மாவும் ஹஜ் கமிட்டி மூலம் போகிறார்கள். நம்ம ஊர் சிம்முக்கே ரோமிங் போட்டுவிடவா, அங்கே போய் சவூதி சிம் வாங்கச் சொல்லவா? (மேலப்பாளையம்)

ஏறக்குறைய நாற்பது நாள் தங்கும் பயணம் என்றால் சவூதி சிம்தான் சரி. பத்துப் பன்னிரண்டு நாள் உம்ராவுக்கு ரோமிங் பேக் போதும். இறங்கியதும் வரிசையில் நிற்கிற வேலையும் மிச்சம்.

ஜித்தா, மதீனா இரண்டு விமான நிலையங்களிலும் எஸ்டிசி, மொபைலி, ஸெய்ன் நிறுவனங்களின் கவுண்டர்கள் உண்டு. பாஸ்போர்ட், விசா, கைரேகை மூன்றும் கேட்பார்கள். ரோட்டோரத்தில் கூவி விற்பவரிடம் மட்டும் வாங்க வேண்டாம். விரலை எதற்கு, எத்தனை முறை வைக்கச் சொல்கிறார் என்று தெரியாமல் வைத்தால், உங்கள் பெயரில் வேறு யாருக்கோ சிம் போய்விடலாம். கவுண்டரிலும் இரண்டு விஷயம் கேட்கச் சொல்லுங்கள்: இந்த பேக் எத்தனை நாளைக்கு, சொன்ன விலையில் 15 சதவீத வரி சேர்ந்திருக்கிறதா. பல விசிட்டர் பேக்குகள் சில வாரங்களில் முடிந்துவிடும். ஹஜ் நாட்களுக்கு முன்பே முடிந்தால் அந்த நெரிசலில் ரீசார்ஜ் செய்ய அலைய வேண்டியிருக்கும். கவுண்டரை விட்டு நகரும் முன் ஊருக்கு ஒரு போன் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

ஊர் சிம்மையும் போனிலேயே வைத்திருக்கட்டும், டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிடுங்கள். விமானத்தில் ஏறியதும் ஃப்ளைட் மோடு கட்டாயம். சில விமானங்களுக்குள்ளேயே தனி நெட்வொர்க் இருக்கிறது, சாதாரண ரோமிங் பேக் அதற்குச் செல்லாமல் போகலாம்.

டேட்டா எவ்வளவு? நிறைய வாங்காதீர்கள். வாய்ஸ் மெசேஜும் போட்டோவும் அதிகம் தின்பதில்லை. தின்பவை வீடியோவும், தானாக நடக்கும் பேக்கப்பும். வாட்ஸ்அப்பில் ஆட்டோ டவுன்லோடை நிறுத்திவிட்டு, போட்டோ பேக்கப்பை வைஃபையில் மட்டும் என்று மாற்றி அனுப்புங்கள். குடும்பக் குரூப்பில் தினமும் வந்து விழும் காலை வணக்க வீடியோக்களை அந்த நாற்பது நாளும் நிறுத்திவைத்தால் அதுவும் அவர்களுக்குப் பெரிய உதவி.

என் அத்தா தோல் பதனிடும் வேலை பார்த்தவர். ஆதாருக்கே கைரேகை விழாது. அங்கே சிம் கிடைக்குமா? (ஆம்பூர்)

தோல் வேலை, பீடி சுற்றுவது, தறி எல்லாமே ரேகையைத் தேய்த்துவிடும். வயதும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கையைக் கழுவித் துடைத்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி ஒற்றி எடுத்துவிட்டு எல்லா விரல்களையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு விரல் இல்லாவிட்டால் இன்னொன்று விழும். ஹஜ், உம்ராவுக்கான இஹ்ராம் நிலையில் இருந்தால் வாசனை உள்ள கிரீம் கூடாது, அதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அப்போதும் விழவில்லை என்றால் மல்லுக்கட்ட வேண்டாம். அவருடைய ஊர் சிம்முக்கு ரோமிங்கில் பேசும் வசதியை மட்டும் போட்டுவிடுங்கள். கூடப் போகிறவர் பெரிய டேட்டா பேக் வாங்கி ஹாட்ஸ்பாட் கொடுத்தால் அறையில் இருக்கும்போது அது போதும். ஆனால் இருவரும் பிரிந்த நேரத்தில் ஹாட்ஸ்பாட் இருக்காது, போன் பேசும் வசதிதான் இருக்கும். அதனால் அதை விட்டுவிடாதீர்கள்.

போன வருஷம் உம்ராவில் வாட்ஸ்அப் கால் போகவே இல்லை. மெசேஜ் மட்டும் போனது. போனில் கோளாறா? (காத்தான்குடி)

போனில் ஒன்றுமில்லை. சவூதியில் இணைய அழைப்புகளுக்கு இருந்த தடையை 2017 செப்டம்பரில் தளர்த்தினார்கள், ஆனால் வாட்ஸ்அப் கால் அதற்குப் பிறகும் ஒழுங்காகக் கிடைத்ததில்லை. இடையிடையே சிலருக்குக் கிடைக்கும், மறுநாள் கிடைக்காது. அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். எழுத்து, வாய்ஸ் மெசேஜ், போட்டோ எல்லாம் தடையில்லாமல் போகும். முகம் பார்த்துப் பேச கூகுள் மீட் அல்லது ஜூம் வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கிளம்பும் முன் வீட்டிலேயே இரண்டு பேர் போனிலும் ஏற்றி, ஒருமுறை பேசிப் பழகிவிட வேண்டும். அங்கே போய்க் கற்றுக்கொள்ள நேரமும் இருக்காது, மனமும் இருக்காது.

தடையைத் தாண்ட விபிஎன் (இணையத்தை வேறு வழியாகத் திறக்கும் ஆப்) போடுங்கள் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். அந்த நாட்டுச் சட்டத்தில் அது சிக்கல். இலவச விபிஎன் வழியாக பேங்க் விவரங்களை அனுப்புவதும் ஆபத்து.

இலங்கை, இந்தியா இரண்டுக்கும் சவூதி இரண்டரை மணி நேரம் பின்னால். நீங்கள் இரவு பத்தரைக்குக் கூப்பிட்டால் அங்கே எட்டு மணி, அநேகமாக இஷா தொழுகையை ஒட்டிய நேரம். அவர்கள் தொழுகை முடித்து அறைக்கு வந்து கூப்பிடட்டும். நீங்கள் கூப்பிட்டு எடுக்கவில்லை என்று பதறாதீர்கள்.

அரஃபாவில் சிக்னல் கோடு முழுதாக இருக்கும், ஒரு மெசேஜ்கூடப் போகாது என்கிறார்களே. அது ஏன்? அந்த நேரத்தில் ஒருவரை ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பது? (கம்பம்)

உண்மைதான். 2024-இல் ஹஜ் செய்தவர்கள் 18 லட்சத்துக்கும் மேல், 2025-இல் 16 லட்சத்துக்கும் மேல். துல்ஹஜ் மாதம் ஒன்பதாம் நாள் அத்தனை பேரும் மக்காவுக்கு வெளியே உள்ள அரஃபா மைதானத்தில், அன்று இரவு முஸ்தலிஃபாவில், மறுநாள் கூடாரங்கள் உள்ள மினாவில். கோடு காட்டுவது டவர் உங்கள் போனுக்கு எட்டுகிறது என்பதை மட்டும்தான். அந்த டவரை எத்தனை ஆயிரம் பேர் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அது காட்டாது. அங்கே ஏராளமான டவர்களைக் கூடுதலாக வைக்கிறார்கள், மற்ற நேரத்தில் வேலை செய்யவும் செய்கிறது. ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் போட்டோ அனுப்பினால் நெரிசல்தான்.

அந்த நேரத்தில் வாட்ஸ்அப்பை விட்டுவிட்டு சாதாரண எஸ்எம்எஸ் அனுப்புங்கள். அதற்கு மிகக் குறைந்த இடம் போதும் என்பதால் டேட்டா திணறும்போதும் நுழைந்துவிடும். போகாத போட்டோவைத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டாம், அது பேட்டரியைத் தின்னும். வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் எட்டு மணி நேரம் வரை பகிரலாம், ஆனால் நெட் இல்லையென்றால் அது பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். அதை நம்பி நடந்து போனவர் தப்பான இடத்தில்தான் நிற்பார்.

ஜிபிஎஸ்ஸுக்கு டேட்டா தேவையில்லை. இது பலருக்குத் தெரிவதில்லை. மக்கா, மினா, அரஃபா பகுதியின் வரைபடத்தை கூகுள் மேப்ஸில் ஊரிலிருந்தே இறக்கிவைத்துவிடுங்கள். மினாவில் கூடாரத்துக்குள் நுழைந்ததும் அந்த இடத்தைக் குறித்துச் சேமித்துக்கொள்ள வேண்டும். அங்கே கண்ணுக்கெட்டிய வரை ஒரே மாதிரி வெள்ளைக் கூடாரங்கள்தான். நெட் இல்லாதபோது மேப்ஸ் நடைவழியை வாயால் சொல்லாது, ஆனால் நீங்கள் நிற்கும் நீலப் புள்ளியும் கூடாரத்தின் குறியும் தெரியும். அதைப் பார்த்தே நடந்துவிடலாம். பக்கத்துக் கம்பத்தில் உள்ள எண்ணையும், உங்கள் முகாம் அலுவலகமான மக்தபின் பலகையையும் ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். வழி கேட்கும்போது அந்தப் படத்தைக் காட்டினால் போதும், பாஷை தேவையில்லை.

இதற்கெல்லாம் மேலாக, போனே இல்லாவிட்டால் எங்கே சந்திப்பது என்று கிளம்பும்போதே பேசி முடிவு செய்ய வேண்டும். மக்காவின் பெரிய பள்ளிவாசலான ஹரமில் என்றால் ஒன்றாம் எண் மன்னர் அப்துல் அஸீஸ் வாசல், அல்லது 79-ஆம் எண் மன்னர் ஃபஹ்து வாசல். கூட்டம் அதிகமானால் வாசலை மூடிவிடுவார்கள், அதனால் இரண்டாவது இடமாகத் தங்கும் விடுதியின் வரவேற்பறையை வைத்துக்கொள்ளுங்கள். கல்லெறியும் ஜமராத்தில் நடுவழியில் சந்திப்பதாகப் பேசவே கூடாது. அங்கே கூட்டம் ஒரே திசையில்தான் போகும், வந்த வழியே திரும்பி வந்து தேட விடமாட்டார்கள். பிரிந்தால் அவரவர் கல்லெறிந்துவிட்டு நேராகக் கூடாரத்துக்கு வந்துவிட வேண்டும். "அரை மணி நேரம் பார்ப்பேன், அப்புறம் கூடாரத்துக்குப் போய்விடுவேன்" என்று இருவரும் சொல்லிவைத்துக்கொண்டால் ஒருவரை ஒருவர் தேடி வெயிலில் சுற்ற வேண்டியதில்லை. அந்த வெயில் சாதாரணம் இல்லை. 2024 ஹஜ்ஜில் ஹரம் பகுதியில் 51.8 டிகிரி செல்சியஸ் பதிவானது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் உயிரிழந்தார்கள்.

அந்தச் சூட்டில் போனும் தானாக அணைந்துவிடும். குடை நிழலில், துணிப்பைக்குள் வையுங்கள். சூடாகிவிட்டது என்று ஐஸ் தண்ணீர் பாட்டிலோடு சேர்த்து வைத்தால் உள்ளே ஈரம் கோத்துக் கெட்டுவிடும்.

இ-சிம் வாங்கலாமா? (கோலாலம்பூர்)

இ-சிம் என்பது தனி அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றும் சிம். போன் ஏற்றுக்கொண்டால் வாங்கலாம். *#06# அழுத்தும்போது இஐடி என்று ஒரு நீண்ட எண் வந்தால் பெரும்பாலும் ஏற்கும். பயண இ-சிம்கள் பலவற்றில் டேட்டா மட்டும்தான் இருக்கும், பேச எண் இருக்காது என்பதைப் பார்த்து வாங்குங்கள். வீட்டு வைஃபையிலேயே ஏற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

பேங்க் ஓடிபி அங்கே வருமா? சவூதி சிம் போட்டால் வாட்ஸ்அப் எண் மாறிவிடுமா? (காயல்பட்டினம்)

ஊர் சிம் போனில் இருந்து, ரோமிங் திறந்திருந்தால் ஓடிபி வரும். கிளம்பும் முன்பே உங்கள் நிறுவனத்திடம் ரோமிங்கைத் திறந்துவிடுங்கள், அங்கே போய்த் திறப்பது சிரமம். வாட்ஸ்அப் பழைய எண்ணிலேயே ஓடும். "எண்ணை மாற்றவா" என்று அது கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். உங்கள் ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது, ஹஜ் அலுவலகம் பேசுகிறோம் என்றாலும் சரி.

மதீனாவில் ரவ்ளாவுக்குப் போக ஆப் கட்டாயமா? (அதிராம்பட்டினம்)

ஆமாம். நபியின் பள்ளிவாசலுக்குள் இருக்கும் ரவ்ளாவில் தொழ, சவூதி அரசின் நுஸுக் ஆப்பில் அனுமதி எடுக்க வேண்டும். குரூப்பில் போகிறவர்களுக்கு ஏற்பாட்டாளரே எடுத்துத் தருவதும் உண்டு, முதலில் அவரிடம் கேளுங்கள். நீங்களே எடுப்பதென்றால் ஆப்பை ஊரிலேயே இறக்கிப் பதிவு செய்துவிடுங்கள். அனுமதி வந்ததும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவையுங்கள். வாசலில் ஆப்பையே திறந்து காட்டச் சொல்லலாம், அதனால் வரிசையில் சேரும் முன்பே திறந்து தயாராக வைத்திருக்க வேண்டும். மூத்தவர்களின் அனுமதியைத் துணைக்கு வருபவரின் போனிலேயே வைத்தால், ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் பிரிந்து போகும்போது வாசலில் காட்ட உம்மாவின் கையில் ஒன்றும் இருக்காது. இந்தச் சிக்கலில் மாட்டிக் கண் கலங்கி நின்ற பெண்களைப் பார்த்திருக்கிறேன். அவரவர் அனுமதி அவரவர் கையில் இருக்கட்டும், போன் இல்லாவிட்டால் அச்சடித்த தாளாகவாவது.

ஹஜ் பயணிகளுக்கு 2024 முதல் நுஸுக் என்ற அடையாள அட்டை கொடுக்கிறார்கள். அது கழுத்திலேயே இருக்க வேண்டும். அதற்கு நெட்டும் வேண்டாம், சார்ஜும் வேண்டாம்.

நம்ம சார்ஜர் அங்கே பொருந்துமா? (திருச்சி)

பொருந்தாது. அங்கே மூன்று பட்டை முனை கொண்ட பிளக். ஒரு அடாப்டரை ஊரிலேயே வாங்கிவிடுங்கள், கூடவே ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் இருந்தால் நல்லது. கூடாரத்தில் பிளக் பாயிண்ட் குறைவு, அக்கம்பக்கத்தவருக்கும் உதவும். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், லக்கேஜில் போட்டால் எடுத்துவிடுவார்கள். இருபதாயிரம் எம்ஏஎச் வரை பிரச்சினை இல்லை.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பட்டன் போன்தான் பழக்கம். ஸ்மார்ட்போன் வாங்கித் தரவா? (கீழக்கரை)

வேண்டாம். புதுப் போனைக் கொடுத்துப் பழகச் சொன்னால் அவருக்கு அதுவே ஒரு பாரம். பட்டன் போனே இருக்கட்டும், ஆனால் அது 4ஜி போனாக, எந்த சிம்மையும் ஏற்பதாக இருக்க வேண்டும். நம் ஊரில் மலிவாக விற்கும் சில போன்கள் ஒரே நிறுவனத்தின் சிம்முக்குப் பூட்டப்பட்டவை, சவூதி சிம்மைப் போட்டால் திறக்காது. வாங்கும் முன் வேறு நிறுவன சிம்மைப் போட்டுப் பாருங்கள்.

கூடப் போகிறவரின் சவூதி எண்ணை +966 சேர்த்து ஒன்றாம் பட்டனிலும், உங்கள் எண்ணை +91 சேர்த்து இரண்டாம் பட்டனிலும் வைத்துக் கொடுங்கள். ஒன்றாம் பட்டன் ஏற்கெனவே வேறு எதற்காவது ஒதுக்கப்பட்டிருந்தால் இரண்டிலிருந்து ஆரம்பியுங்கள். அழுத்திப் பிடிக்க மட்டும் பழக்கிவிட்டால் போதும். அந்த எண்களோடு விடுதியின் பெயரையும் அரபியில் ஒரு தாளில் எழுதி, லேமினேட் செய்து, நுஸுக் அட்டையோடு கழுத்தில் மாட்டிவிடுங்கள். விடுதியின் அரபிப் பெயரை அங்கே வரவேற்பறையில் இருப்பவரிடம் கேட்டால் அவரே எழுதித் தருவார்.