போகிக்குப் பாடம் எடுத்தால் போதுமா?

கேள்வி: போகி வந்தால் 'டயர் எரிக்காதீர்கள்', கடைக்குக் கிளம்பினால் 'மஞ்சப்பை எடுத்துப் போங்கள்' என்று மாசு கட்டுப்பாட்டு வாரியம் எங்களுக்குத்தான் பாடம் எடுக்கிறது. வருடம் முழுக்கப் புகை விடும் ஆலைகளை என்ன செய்கிறது? இந்த விழிப்புணர்வுப் பிரசாரத்தால் யாருக்கு என்ன லாபம்?
- ஒரு வாசகர், மணலி

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அதை டயர் எரிப்பதற்குச் சாக்காக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். போகி விடியற்காலையில் தரையோரக் காற்று குளிர்ந்து கனத்துக் கிடக்கும். மேலே போக வேண்டிய புகை தெருவிலேயே தங்கிவிடும். டயர் எரிந்தால் கந்தக டை ஆக்சைடு, பென்சீன், நுண்ணிய கரித்துகள் எல்லாம் சேர்ந்து வரும். அதை முதலில் சுவாசிப்பது எரித்தவர் வீட்டுக் குழந்தை. 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னையில் இறங்க வேண்டிய விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்கள். ஆகவே வாரியம் பள்ளிகளிலும் தெருக்களிலும் இதைப் பேசத்தான் வேண்டும்.

மஞ்சப்பையையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. துணிப்பைக்குத் திரும்பச் சொல்லும் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை அரசு தொடங்கியது 2021 டிசம்பரில். தடை வந்து ஏறக்குறைய மூன்று வருடம் ஆன பிறகுதான், கையில் எதை எடுத்துப் போவது என்பதற்கு அரசு ஒரு பதில் சொன்னது. கோயம்பேட்டில் 10 ரூபாய் போட்டால் துணிப்பை தரும் இயந்திரத்தை வைத்தது நல்ல காரியம். பூக்காரம்மாவிடம் அபராதம் வாங்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

சரி, உங்கள் கேள்வியின் அடுத்த பாதிக்கு வருவோம். வாரியம் மக்களிடம் பேசுகிறது, உண்மைதான். என்ன பேசுகிறது என்பதில்தான் எனக்குச் சண்டை. 1974 தண்ணீர்ச் சட்டமும் 1981 காற்றுச் சட்டமும் மாநில வாரியத்தின் கடமைகளைப் பட்டியலிடுகின்றன. இரண்டிலும் 17-ஆம் பிரிவு, மாசு பற்றிய தகவலைத் திரட்டிப் பரப்ப வேண்டும் என்கிறது. உங்கள் ஊர் ஆற்றில் யார் என்ன கலக்கிறார்கள், எவ்வளவு கலக்க அனுமதி, நேற்று எவ்வளவு கலந்தார்கள் என்பதெல்லாம்தான் தகவல். 'இயற்கையைக் காப்போம்' என்ற வாசகம் அந்தக் கணக்கில் வராது.

2023 டிசம்பரை மணலிக்காரரான உங்களுக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. புயல் வெள்ளத்தோடு சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. மீனவர்கள் வெறுங்கையால் எண்ணெயை அள்ளினார்கள். அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவையொட்டி, கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மூச்சுத் திணறி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். வாசலுக்கு எதிரே கடலடியில் என்ன போகிறது, கசிந்தால் எந்தத் திசையில் ஓட வேண்டும், ஈரத்துணியால் மூக்கை மூட வேண்டும் என்பதை அந்தக் குப்பத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். நான் கேட்கும் விழிப்புணர்வு இதுதான்.

பெரிய ஆலைகளின் புகைபோக்கியிலும் கழிவுநீர்க் குழாயிலும் தானியங்கிக் கருவிகள் பொருத்தப்பட்டு, அளவுகள் கிண்டியில் இருக்கும் வாரியத் தலைமையகத்துக்கு உடனுக்குடன் போகின்றன. அதே எண்களை ஆலை வாசலில், பேருந்தில் போகிறவர் படிக்கும்படி பெரிய எழுத்தில், தமிழில் வைக்க வேண்டும். பக்கத்திலேயே அனுமதிக்கப்பட்ட அளவும் இருக்க வேண்டும். அளவு மீறிய நாளில் அது ஊருக்கே தெரியட்டும்.

இன்னொன்று, ஆலைக்கு அனுமதி தருமுன் ஊர்மக்களிடம் நடத்தும் பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டம். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி கூட்டத்தை நடத்துவது வாரியம், தலைமை தாங்குவது மாவட்ட நிர்வாகம். குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். ஆனால் தமிழில் கைக்கு வருவது பெரும்பாலும் சுருக்கம் மட்டுமே. நூற்றுக்கணக்கான பக்கமுள்ள முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். நிலமும் கடலும் போகப்போகிறவர் எதைப் படித்துவிட்டு ஒலிவாங்கி முன் நிற்பார்? முழு அறிக்கையையும் தமிழில் தருவதற்கான செலவு, ஆலை போடுகிற முதலீட்டில் ஒரு பொருட்டே கிடையாது.

மக்கள் கையில் எண்கள் வந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆறு இருக்கிறது. சாயக்கழிவால் பாழான பாசன நிலத்து விவசாயிகள் தண்ணீரின் உப்பளவைக் கையில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் நீதிமன்றத்தில் போராடினார்கள். 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறை அதன் பிறகுதான் அங்கே வேகம் பிடித்தது. வேலையிழந்து தொழிலாளர்கள் பட்ட கஷ்டமும் பெரிது. வாரியம் ஆரம்பத்திலேயே கண்டிப்பாக இருந்திருந்தால் விவசாயியும் தொழிலாளியும் எதிரெதிரே நின்றிருக்க வேண்டியதில்லை.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு ஆலைக்கும் தந்த இசைவாணையின், அதாவது இயங்குவதற்கான அனுமதியின், நிபந்தனைகளை வாரியம் ஒரு பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும். பாதிக்கப்படுகிற எவரும் அதைப் பார்க்கலாம். தண்ணீர்ச் சட்டத்தில் 25(6), காற்றுச் சட்டத்தில் 51-ஆம் பிரிவு. உங்கள் பகுதிக்கான மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்கு நான்கு பேராகப் போய், இந்தப் பிரிவு எண்களை மனுவில் எழுதிக் கொடுத்து, பதிவேட்டைக் கேளுங்கள். மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு மனு. 30 நாளில் பதில் வர வேண்டும். காட்ட மறுத்தால் அந்த நகலை எங்களுக்கு அனுப்புங்கள். இதே பக்கத்தில் வெளியிட்டு, வாரியத் தலைவரிடம் விளக்கம் கேட்கிறோம்.