லவ் பேர்ட்ஸ் நிறக் கணக்கு: கேட்டவர்களுக்குப் பதில்

நாம் லவ் பேர்ட்ஸ் என்று கூப்பிடும் பட்ஜரிகர் ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துப் பறவை. அங்கே அது பச்சைதான். நீலமும் வெள்ளையும் முழு மஞ்சளும் நம் கூண்டுகளில் பெருகிய நிறங்கள். எந்த ஜோடி சேர்த்தால் எந்த நிறம் வரும் என்று நம் வளர்ப்பாளர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பெரம்பூரில் மொட்டை மாடியில் பல வருஷமாக வளர்ப்பதால், கண்ணால் பார்த்ததும் இதில் கலந்திருக்கும்.

வில்லிவாக்கத்திலிருந்து: அண்ணா, ஆண், பெண் ரெண்டுமே பச்சை. ஐந்து குஞ்சில் ஒன்று நீலம். பக்கத்துக் கூண்டில் இருக்கும் நீல ஆணின் குஞ்சாக இருக்குமோ?

இல்லை தம்பி. உங்கள் ஜோடி ரெண்டுமே நீலத்தை உள்ளே ஒளித்து வைத்திருக்கின்றன. இதைத்தான் ஸ்பிளிட் என்கிறோம். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என ரெண்டு பக்கமும் நீலம் வந்தால்தான் குஞ்சு நீலமாகும். ஒரு பக்கம் பச்சை வந்தாலே பச்சை மூடிவிடும். ரெண்டும் ஸ்பிளிட் என்றால் ஒவ்வொரு முட்டைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. மீதிப் பச்சைக் குஞ்சுகளில் ஒவ்வொன்றும் ஸ்பிளிட்டாக இருக்க மூன்றில் ரெண்டு பங்கு வாய்ப்பு உண்டு. எது எது என்று பார்த்துச் சொல்ல முடியாது.

தாம்பரத்திலிருந்து: ஸ்பிளிட் ஜோடி என்று சொல்லித்தான் விற்றார்கள். நாலு முட்டை பொரித்தது, நாலும் பச்சை. நாலில் ஒன்று நீலம் வந்திருக்க வேண்டாமா?

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். நாலில் ஒன்று என்பது ஒரு ஈட்டுக்கான, அதாவது ஒரு தடவை இடும் முட்டைகளுக்கான, பங்கீடு இல்லை, முட்டைக்கு முட்டை புதிதாகப் போடும் தாயம். போன தடவை தாயம் விழவில்லை என்பது கட்டைக்குத் தெரியாது. ஒரு முட்டை பச்சையாக நாலில் மூன்று வாய்ப்பு. நாலு முட்டைக்கு அதை நாலு தடவை பெருக்கினால் சுமார் 32 சதவீதம். அதாவது, உண்மையான ஸ்பிளிட் ஜோடிகளிலேயே மூன்றில் ஒன்றுக்கு நாலும் பச்சையாகத்தான் வரும். எட்டுக் குஞ்சும் பச்சையென்றால் அந்த வாய்ப்பு 10 சதவீதம். பன்னிரண்டும் பச்சையென்றால் 3 சதவீதம்தான், அப்போது விற்றவரைச் சந்தேகப்படலாம்.

சீக்கிரம் தெரிய வேண்டுமென்றால் ஆணை ஒரு நீலப் பெண்ணோடு சேருங்கள். ஆண் ஸ்பிளிட் என்றால் ஒவ்வொரு முட்டைக்கும் பாதிக்குப் பாதி நீலம். ஒரே ஒரு நீலக் குஞ்சு வந்தால் போதும், ஸ்பிளிட் என்று முடிவாகிவிடும். ஐந்தும் பச்சையென்றால் அது ஸ்பிளிட்டாக இருப்பது அரிது. பெண்ணையும் இப்படியே ஒரு நீல ஆணோடு பார்க்கலாம்.

ராயபுரத்திலிருந்து ஒரு அம்மா: என்னிடம் சிவப்புக் கண் மஞ்சள் பெண்ணும் பச்சை ஆணும். மூன்று ஈட்டில் ஒரு மஞ்சள்கூட இல்லை. எதிர்வீட்டில் மஞ்சள் ஆண், பச்சைப் பெண். அங்கே மட்டும் எப்படி மஞ்சள் வருகிறது?

அம்மா, உங்கள் பறவையில் குறை எதுவும் இல்லை. லுட்டினோ என்கிற அந்த மஞ்சள், பால் தீர்மானிக்கும் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. மனிதர்களுக்கு நேர்மாறாக, பறவைகளில் ஆணுக்குத்தான் ஒரே மாதிரி ரெண்டு. அதை இசட் என்பார்கள். பெண்ணுக்கு ஒரு இசட்தான். பெண் குஞ்சு அந்த ஒன்றைத் தகப்பனிடமிருந்து வாங்குகிறது. எதிர்வீட்டுத் தகப்பன் மஞ்சள், அதனால் அங்கே பெண் குஞ்சு எல்லாம் மஞ்சள், ஆண் குஞ்சு எல்லாம் மஞ்சளை ஒளித்து வைத்த பச்சை. உங்கள் வீட்டுத் தகப்பன் சுத்தப் பச்சை, அதனால் எல்லாமே பச்சை. ஆனால் உங்கள் ஆண் குஞ்சுகள் ஒவ்வொன்றும் ஸ்பிளிட். அதில் ஒன்றை, உறவில்லாத வேறொரு மஞ்சள் பெண்ணோடு சேருங்கள். ஆணிலும் பெண்ணிலும் பாதிப் பாதி மஞ்சள் வரும். தாயோடு மட்டும் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று. பெண் பறவை லுட்டினோவுக்கு ஸ்பிளிட்டாக இருக்கவே முடியாது. இருக்கும் ஒரே இசட்டில் அது இருந்தால் மஞ்சள், இல்லாவிட்டால் இல்லை. "லுட்டினோ ஸ்பிளிட் பெண்" என்று யாராவது விலை சொன்னால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

மஞ்சளா என்று பார்க்க இறகு முளைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். பொரித்த சில நாளிலேயே, கண் திறக்காத குஞ்சை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். சாதாரணக் குஞ்சின் மூடிய இமைக்குள் கருமிளகு மாதிரி தெரியும். லுட்டினோவுக்கு அதே இடத்தில் இளஞ்சிவப்பு தெரியும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

குரோம்பேட்டையிலிருந்து: பல்லாவரம் வெள்ளிச் சந்தையில் லுட்டினோ என்று வாங்கிய ஆணுக்குக் கண் கறுப்பு. சாதாரணப் பச்சைப் பெண்ணோடு விட்டேன், எல்லாக் குஞ்சுக்கும் இறகில் வேறுமாதிரி கோலம்.

அது லுட்டினோ இல்லை, டபுள் ஃபேக்டர் ஸ்பாங்கிள். அந்தக் குணம் ஒரு பங்கு இருந்தால் இறகின் கோலம் மாறும். ரெண்டு பங்கு இருந்தால் கோலமே அழிந்து பறவை ஏறக்குறைய முழு மஞ்சளாகவோ வெள்ளையாகவோ ஆகிவிடும். சாதாரணப் பறவையோடு சேர்த்தால் எல்லாக் குஞ்சுக்கும் ஒரு பங்கு போகும். மஞ்சள் பறவை வாங்கும்போது முதலில் கண்ணைப் பாருங்கள்.

மதுரவாயலிலிருந்து: கோபால்ட் என்கிற அடர் நீலம் ரெண்டைச் சேர்த்தால் எல்லாம் கோபால்ட்தானே?

பாதிதான். கால்வாசி வான நீலம், கால்வாசி மாவ் என்கிற சாம்பல் பூத்த நிறம். எல்லாமே கோபால்ட்டாக வேண்டுமென்றால் ஒரு மாவ் நிறப் பறவையையும் ஒரு வான நீலத்தையும் சேருங்கள்.

வேளச்சேரியிலிருந்து: பால் பைத்தான் என்கிற மலைப்பாம்புக்கும் இதே கணக்கா?

அல்பினோவுக்கு நீலத்தின் கணக்கேதான். அங்கே ஸ்பிளிட்டை ஹெட் என்பார்கள். ரெண்டு ஹெட் சேர்ந்தால் முட்டைக்கு நாலில் ஒரு வாய்ப்பு. பாஸ்டல் என்ற நிற வகை நம் ஸ்பாங்கிள் மாதிரி, ரெண்டு பங்கானால் சூப்பர் பாஸ்டல். ஸ்பைடர் என்ற வகையை மட்டும் பெருக்காதீர்கள். அந்தக் கோலத்தோடு தலை ஆட்டமும் சேர்ந்தே வருகிறது. ஆப்பிரிக்கப் பாம்பான பால் பைத்தானை வைத்திருப்பதையும், குஞ்சு பொரித்தால் அதையும் வனத்துறையில் பதிய வேண்டும். நம் ஊர் நல்ல பாம்பு, சாரை எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. அவற்றைக் கிண்டி பாம்புப் பண்ணையில் பார்த்துக்கொள்ளலாம்.

அயனாவரத்திலிருந்து: நினைத்த நிறம் வரும்வரை முட்டையிடும் பானையை எடுக்காமல் விடலாமா?

கூடாது. ஆரம்பத்தில் நான் அதைத்தான் செய்தேன். அல்பினோ என்கிற முழு வெள்ளைக் குஞ்சு ஆசையில் ஒரு பெண்ணை மூன்றாவது ஈட்டுக்கும் விட்டேன், மே மாத வெயிலில். ஒரு காலையில் பானைக்குள் உப்பிப்போய் உட்கார்ந்திருந்தது, முட்டை வெளியே வரவில்லை. டாக்டரிடம் கொண்டுபோவதற்குள் போய்விட்டது. அப்புறம் எந்தப் பெண்ணுக்கும் வருஷத்துக்கு ரெண்டு ஈடுதான். பங்குனியில் பானைகளை இறக்கிக் கழுவிக் கவிழ்த்துவிடுவேன், ஆவணிக்கு மேல்தான் திரும்பக் கட்டுவேன். சுண்ணாம்புச் சத்துக்கான கணவாய் ஓடு மட்டும் வருஷம் முழுக்கக் கூண்டில் தொங்கும்.