ஒரு வரிக் கேள்விக்கு ஒரு பக்கப் பதில்

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகளாக மெர்ச்சண்டைசராக, அதாவது வாங்குபவர்களோடு பேசி ஆர்டர்களைக் கவனிப்பவனாக, இருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவன். ஆங்கிலம் சரியாக வராது என்பது வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று கடினமான சொற்களாகத் தேடி மனப்பாடம் செய்து பேசுகிறேன், எழுதுகிறேன். "வெள்ளிக்கிழமை சரக்கு கிளம்பிவிடுமா?" என்று வெளிநாட்டு பையர் (சரக்கை வாங்குபவர்) ஒரு வரியில் கேட்டதற்கு, இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்து ஒரு பக்கம் பதில் எழுதினேன். மறுநாள் அவர், "கிளம்புமா, கிளம்பாதா?" என்று மறுபடியும் கேட்டிருந்தார். வீட்டிலும் ஆறு வயது மகளிடம் ஆங்கிலத்தில்தான் பேசுகிறேன். ஊரிலிருந்து வரும் அம்மா, பேத்தி சொன்னதற்கு என்னிடம் அர்த்தம் கேட்கிறார். முன்னேற வேண்டும் என்றுதான் இவ்வளவும் செய்கிறேன். இது தவறா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம், இங்கே சுருக்கி வெளியிட்டிருக்கிறோம். முதல் பக்கத்தில் பாதி, எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்பதிலேயே போய்விட்டது. அதன் பிறகு பிழையைத் தேடிக்கொண்டே படித்தேன், ஒன்றுகூட அகப்படவில்லை. உங்கள் கேள்விக்கான விடையின் ஒரு பகுதி அந்த அரைப் பக்கத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

குறையை ஈடுகட்ட முயல்வது தவறே அல்ல. தாழ்வு மனப்பான்மை பற்றி விரிவாக ஆராய்ந்த வியன்னா மருத்துவர் ஆல்ஃபிரட் ஆட்லர் (1870–1937), சிறுவயதில் ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு நோயால் துன்பப்பட்டவர். ஓர் உறுப்பின் குறையை உடல் எப்படிச் சரிக்கட்டுகிறது என்பதிலிருந்துதான் 1907-இல் அவர் தொடங்கினார். ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டால் மற்றொன்று சற்றுப் பெரிதாகி இரண்டின் வேலையையும் தானே செய்ய முனைகிறது அல்லவா, அதைப் போலவே மனமும் தன் குறையை நிரப்பிக்கொள்ளப் பார்க்கிறது என்றார். தேவைக்கு மேல் போய்விடும் ஈடுகட்டலையும் அவர் கவனித்தார். இரண்டுக்கும் இடையே கோடு எங்கே இருக்கிறது என்று கேட்டால், என் அனுபவத்தில் நான் சொல்வது இதுதான்: யாரும் பார்க்காவிட்டாலும் இதைச் செய்வீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலம் கற்பதைச் செய்வீர்கள். அது வேலைக்கு வேண்டும். அந்த ஒரு பக்கப் பதிலை எழுதியிருக்க மாட்டீர்கள்.

அந்தப் பதில் உங்கள் மதிப்பைக் கூட்டவும் இல்லை. டேனியல் ஓப்பன்ஹைமர் என்ற அமெரிக்க உளவியலாளர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே கட்டுரையின் எளிய வடிவத்தையும், தேவையில்லாமல் கடினமான சொற்களைப் போட்டு மாற்றிய வடிவத்தையும் மாணவர்களிடம் படிக்கக் கொடுத்தபோது, கடின வடிவத்தைத்தான் அவர்கள் குறைவாக மதிப்பிட்டார்கள். உங்கள் பையர் இரண்டாம் முறை கேட்ட கேள்வியும் இதையே சொல்கிறது.

இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக் ‘குறைகுடம் கூத்தாடும்’ என்று சொல்லிவிடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. உங்களைப் பற்றி அப்படிச் சொல்ல நான் ஒப்ப மாட்டேன். துணியைத் தொட்டே அதன் ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற எடை) ஏறக்குறையச் சொல்லிவிடுவேன் என்று மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இல்லாத பிழைக்கு அரைப் பக்கம், இருக்கிற திறமைக்கு ஒரு வரி! எனக்கு அதுதான் வருத்தமாக இருந்தது.

இதை நான் வெளியிலிருந்து சொல்லவில்லை. இருபத்தைந்து வயதில் எனக்கு இடது காது மந்தமாயிற்று. அது தெரிந்துவிடக் கூடாது என்று, எங்கே போனாலும் நானே ஓயாமல் பேசிக்கொண்டிருப்பேன். நான் பேசிக்கொண்டிருக்கும்வரை யாரும் கேள்வி கேட்க முடியாது அல்லவா? நண்பர்கள் என்னைக் கர்வி என்று நினைத்து விலகியிருந்தது பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. "இடப்பக்கம் சரியாகக் கேட்காது, வலப்பக்கம் உட்காருங்கள்" என்று ஒருநாள் சொன்னேன். எதிரே இருந்தவர் எழுந்து நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொண்டார். நான் அத்தனை ஆண்டுகள் பயந்துகொண்டிருந்தது அவ்வளவுதான்.

ஆகவே, அடுத்த முறை பையர் கேட்டால் ‘ஆம், வெள்ளிக்கிழமை கிளம்பும்’ என்று ஆங்கிலத்தில் ஒரே வரி எழுதி அனுப்பிவிட்டு, நேரத்தோடு வீட்டுக்குப் போங்கள். கூட்டத்தில் ஒரு சொல் புரியாவிட்டால் அங்கேயே பொருள் கேளுங்கள். முதல் முறை நெஞ்சு படபடக்கும், பிறகு பழகிவிடும்.

வீட்டு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அலுவலகத்தில் நீங்கள் படும் பாட்டின் விலையை நீங்களே கொடுக்கிறீர்கள். வீட்டில் அதை உங்கள் அம்மாவும் மகளும் கொடுக்கிறார்கள். மகளுக்கு ஆங்கிலம் பள்ளியிலிருந்து வந்துவிடும். பாட்டியின் பேச்சு பாட்டியிடமிருந்து மட்டும்தான் வரும். அம்மா அடுத்த முறை ஊரிலிருந்து வரும்போது, அவர்கள் இருவருக்கும் நடுவே நின்று மொழிபெயர்க்காதீர்கள். சில நாட்கள் அவர்களாகவே தடுமாறிப் பேசட்டும். நீங்களும் மகளிடம் தமிழில் பேசுங்கள். பதில் ஆங்கிலத்தில் வந்தாலும் விடாமல் பேசுங்கள். அம்மா என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் முதல் அரைப் பக்கம் வேண்டாம்.