பூஜ்யத்தையும் எழுதி அனுப்புங்கள்

அன்புள்ள சார்,

நான் அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் வசிக்கிறேன். மென்பொருள் வேலை, உயிரியலைப் பள்ளியோடு விட்டவள். உடம்பெல்லாம் மயிர் அடர்ந்து குண்டாக இருக்கும் காட்டுப் பம்பிள் தேனீக்களைக் கணக்கெடுக்கும் அட்லஸ் திட்டத்தில் இந்த வருடம் தன்னார்வலராகச் சேர்ந்தேன். இணையப் பயிற்சியை முடித்து, வரைபடத்தில் ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, வலை, குப்பிகள், ஐஸ் பெட்டி எல்லாம் எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை போனேன். முழு நேரமும் தேடியும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ரொம்பச் சோர்வாகிவிட்டது. என்னைப் போன்றவர்கள் செய்வதால் உண்மையிலேயே பயன் உண்டா? கிடைத்தாலும் படம் எடுப்பதற்காக அதைப் பிடித்து ஐஸ் பெட்டியில் குளிர வைப்பது கொடுமை இல்லையா? பேசாமல் தோட்டத்தில் ஒரு தேனீப் பெட்டி வைத்துவிடலாமே என்கிறார் கணவர். நீங்களும் இந்தக் கணக்கெடுப்புக்குப் போவதாக எழுதியிருந்ததால் கேட்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

அந்தச் சனிக்கிழமையின் படிவத்தை அனுப்பிவிட்டீர்களா? இல்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள். தேதி, இடம், நேரம், என்னென்ன பூ இருந்தது, பம்பிள் தேனீ பூஜ்யம். உங்கள் கடிதத்திலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தப் பூஜ்யம்தான்.

ஒரு ஹெக்டேர் அளவுள்ள இடத்தில் 45 நிமிடம் தேட வேண்டும் என்று ஏன் இவ்வளவு கறாராக வைத்திருக்கிறார்கள்? போகிற வழியில் பார்த்து யாரோ எடுத்த படம், அந்தத் தேனீ அங்கே இருந்தது என்று மட்டும்தான் சொல்லும். ஓரிடத்திலிருந்து படமே வரவில்லை என்றால் அங்கே தேனீ இல்லையா, அல்லது யாருமே அங்கே போகவில்லையா என்பது தெரியாது. இரண்டுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பூ இருந்தது, வெயில் இருந்தது, ஒருவர் இவ்வளவு நேரம் தேடினார், கிடைக்கவில்லை என்று எழுதி வைத்தால்தான் அது தகவல். அடுத்த வருடமோ பத்து வருடம் கழித்தோ இன்னொருவர் அதே கட்டத்தில் அதே நேரம் தேடினால் அவருடைய எண்ணிக்கையை உங்களுடையதோடு ஒப்பிட முடியும்.

உங்கள் மாநிலத்துக் கதையையே சொல்கிறேன். ஃபிராங்க்ளின் பம்பிள் தேனீ என்று ஒரு இனம், தெற்கு ஒரேகானிலும் வடக்கு கலிஃபோர்னியாவிலும் மட்டுமே வாழ்ந்தது. உலகத்துப் பம்பிள் தேனீக்களில் இவ்வளவு சின்ன வட்டத்துக்குள் வாழ்ந்த இனங்கள் மிகக் குறைவு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ராபின் தார்ப் 1998இல் அதைத் தேடிக் கணக்கெடுக்க ஆரம்பித்தார். அப்போது அது சாதாரணமாகவே கண்ணில் பட்டது. அடுத்தடுத்த வருடங்களில் எண்ணிக்கை வேகமாகச் சரிந்தது. 2006இல் ஆஷ்லண்ட் மலையில் ஒன்றே ஒன்றைப் பார்த்தார். அதற்குப் பிறகு யாரும் பார்த்ததாக உறுதியான பதிவு இல்லை. அவர் விடவில்லை, கோடை வந்தால் போய்த் தேடிக்கொண்டே இருந்தார், 2019இல் காலமானார். 2021இல் அமெரிக்க அரசு அந்த இனத்தை அழியும் நிலையில் உள்ளதாக அறிவித்தது. அந்த அறிவிப்புக்கு ஆதாரமாக நின்றதில் பெரும்பங்கு, வருடாவருடம் போய்த் தேடி ஒன்றுமில்லாமல் திரும்பிய நாட்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும், கூடவே அந்த மனிதர் மேல் பெரிய மரியாதையும் வரும். ஒன்று கவனியுங்கள், அவர் எண்ணத் தொடங்கியது அந்தத் தேனீ தாராளமாக இருந்தபோது. அப்போது எண்ணாமல் விட்டிருந்தால் அது குறைகிறது என்பதே எத்தனை காலம் கழித்துத் தெரிந்திருக்குமோ.

துரு நிறத் திட்டுள்ள பம்பிள் தேனீ (rusty patched) என்ற இனமும் அப்படித்தான். ஒரு காலத்தில் அமெரிக்காவின் கிழக்கிலும் மத்திய மேற்கிலும் பரவலாக இருந்தது. பழைய பதிவுகளையும் புதிய பதிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, அது வாழ்ந்த பரப்பில் 87 சதவீதம் போய்விட்டது தெரிந்தது. 2017இல் அதைச் சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். அந்தப் பட்டியலுக்கு வந்த முதல் பம்பிள் தேனீ அதுதான்.

சரி, உயிரியல் படிக்கவில்லை என்கிறீர்கள். இனத்தின் பெயரை நீங்கள் முடிவு செய்ய வேண்டியதில்லை, படத்தைப் பார்த்து நிபுணர்கள் முடிவு செய்வார்கள். உங்கள் வேலை அவர்கள் முடிவு செய்யக்கூடிய மாதிரி படம் எடுப்பது. முகம் நேராக ஒன்று, முதுகுப் பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முடிந்தால் வயிற்றின் அடிப்பக்கமும். உங்கள் பகுதியில் அதிகம் பார்க்கப்போவது மஞ்சள் முகப் பம்பிள் தேனீ, அறிவியல் பெயரில் வாஸ்னசென்ஸ்கி என்பார்கள். கலிஜினோசஸ் என்று இன்னொன்று அச்சு அசல் அதைப் போலவே இருக்கும், ஆனால் அரிது. கன்னப் பகுதியின் நீளமும் அடிவயிற்று மயிரின் நிறமும்தான் இரண்டையும் பிரிக்கும். முதுகை மட்டும் அழகாகப் படம் எடுத்து அனுப்பினால் அரிய ஒன்று சாதாரணக் கணக்கில் போய்விடலாம். எந்தப் பூவில் இருந்தது என்பதையும் விடாமல் குறியுங்கள். பிற்பாடு ஒரு நிலத்தைச் சீர்படுத்துகிறவர்கள் எந்தச் செடியை நடுவது என்று பார்ப்பது படிவத்தின் அந்தப் பகுதியைத்தான்.

குளிர வைப்பது பற்றி. நீங்கள் இதைக் கேட்டது எனக்குப் பிடித்திருக்கிறது, கேட்காமல் செய்கிறவர்கள்தான் கவனக்குறைவாகச் செய்வார்கள். பம்பிள் தேனீ பறப்பதற்கு அதன் பறக்கும் தசைகள் ஏறக்குறைய 30 டிகிரிக்குச் சூடாக வேண்டும். குளிர்ந்த காலைகளில் அது தசைகளை நடுங்க வைத்துத் தானே சூடேற்றிக்கொள்ளும். உடம்பு குளிர்ந்து மந்தமாவதும் மறுபடி சூடேறிப் பறப்பதும் அதற்குப் பழக்கமானது. குப்பியைக் கொஞ்ச நேரம் ஐஸ் பெட்டியில் வைத்து, மந்தமானதும் படம் எடுத்து, ஒரு பூவின் மேலோ இலையின் மேலோ விட்டால் சூடேறிப் பறந்துவிடும். முன்பெல்லாம் அடையாளம் காணக் கொன்று ஊசியில் குத்தி வைப்பதுதான் வழக்கம், அதைத் தவிர்க்கத்தான் இந்த முறை. ஆனாலும் தேவைக்கு மேல் ஒரு நிமிடம்கூடப் பெட்டியில் வைக்காதீர்கள், குப்பியை வெயிலில் மறந்துவிடாதீர்கள். பிடித்ததைக் குப்பிக்கு மாற்றும்போது கடிகாரத்தை நிறுத்திக்கொள்ளலாம், அந்த நேரம் 45 நிமிடக் கணக்கில் வராது, அதனால் அவசரப்படவே வேண்டாம். வசந்தத்தின் தொடக்கத்தில் பெரிதாக ஒன்று தரையோரம் தாழப் பறந்து வளை தேடினால் அது ராணி. குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் தனியாகக் கிடந்து இப்போதுதான் வெளியே வந்திருக்கும், அந்த வருடத்துக் கூடு மொத்தமும் அந்த ஒன்றை நம்பித்தான். அதை மட்டும் பிடிக்காதீர்கள், பூவில் உட்கார்ந்தால் தூரத்திலிருந்தே படம் எடுங்கள். இது என் பிடிவாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தேனீப் பெட்டி வேண்டாம். கணவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் பெட்டியில் வளர்க்கும் தேனீ வட அமெரிக்காவுக்கு 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் கொண்டுவந்தது, கோழி மாடு போல வளர்ப்பு உயிர். அதன் எண்ணிக்கையைக் கூட்டினால் காட்டுத் தேனீக்களுக்கு எந்த உதவியும் இல்லை. பூ குறைவான இடத்தில் போட்டியாகும், நோய்க்கிருமிகளும் பூ வழியாகப் பரவும். தக்காளி, புளூபெர்ரி மாதிரிப் பூக்களில் மகரந்தம் உதிர, பூவைப் பற்றிக்கொண்டு உடம்பை அதிரவைக்க வேண்டும், பம்பிள் தேனீ அதைச் செய்யும், பெட்டித் தேனீயால் முடியாது. தோட்டத்தில் ஏதாவது செய்யத்தான் வேண்டும் என்றால் வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டிருக்கும்படி அந்தப் பகுதிக்கே உரிய செடிகளை வையுங்கள், பூச்சிமருந்தை நிறுத்துங்கள், ஒரு மூலையில் புல்லும் சருகும் அப்படியே கிடக்கட்டும், பழைய எலி வளைகளை மூடாதீர்கள். பல இனங்கள் கூடு வைப்பது அதில்தான். கணவரை அடுத்த தடவை கணக்கெடுப்புக்கும் கூட்டிப்போங்கள். இரண்டு பேர் தேடினால் ஆளுக்கு 22½ நிமிடம் போதும்.

போகும் முன் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். சட்டப் பாதுகாப்பில் உள்ள இனம் இருக்கக்கூடிய இடங்களில் வலை வீசத் தனி அனுமதி வேண்டும். உங்கள் கட்டம் அதில் வருகிறதா என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள், தனியார் நிலமென்றால் உரிமையாளரிடமும் கேளுங்கள். காற்று குறைவான, மழையில்லாத, 15, 16 டிகிரிக்கு மேல் இருக்கும் நாளாகப் பாருங்கள். ஒரே பருவத்தில் இரண்டாவது முறையும் அதே கட்டத்துக்குப் போக வேண்டும். சில வாரம் கழித்துப் போங்கள், அதற்குள் வேறு பூக்கள் வந்திருக்கும், கூடுகளும் பெருத்திருக்கும். அப்போதும் ஒன்றும் கிடைக்கவில்லையென்றால் அதையும் பதிவு செய்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.