மின்னழுத்தத்தை அளக்கும் அலகு எது? அது எதைச் சொல்கிறது?

மின்னழுத்தத்தின் அலகு வோல்ட். 1800-இல் துத்தநாகத் தகடுகளையும் வெள்ளித் தகடுகளையும் மாற்றி மாற்றி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் நனைத்த அட்டையை வைத்து முதல் மின்கலத்தைச் செய்த இத்தாலியர் அலெசாண்ட்ரோ வோல்டாவின் பெயர் அது.

ஒரு கூலும் (மின்னூட்டத்தை அளக்கும் அலகு) மின்னூட்டத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்த ஒரு ஜூல் (ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றல் செலவானால், அந்த இரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள மின்னழுத்த வேறுபாடு ஒரு வோல்ட். கடிகார பேட்டரியில் 1.5 வோல்ட், நம் வீட்டு பிளக் பாயிண்டில் 230 வோல்ட், ரயிலுக்கு மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட்.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துப் பாருங்கள். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, கீழே குழாயில் தண்ணீர் அவ்வளவு வேகமாகப் பாயும். அந்த உயர வித்தியாசம் போன்றதுதான் மின்னழுத்தம்; அதை அளப்பது வோல்ட்.

'இரண்டு இடங்களுக்கு இடையே' என்பதுதான் இதில் முக்கியம், பலர் கவனிக்காமல் விடுவதும் அதைத்தான். மின்கம்பியில் உட்காரும் காக்கைக்கு ஒன்றும் ஆவதில்லை. அதன் இரண்டு கால்களும் ஒரே கம்பியில், ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் இருக்கின்றன. அதே காக்கையின் இறக்கை பக்கத்துக் கம்பியையும் தொட்டுவிட்டால் பிழைக்காது. தரையில் நிற்கும் நமக்கோ ஒரு கம்பியைத் தொட்டாலே ஆபத்து, ஏனென்றால் இரண்டாவது இடம் நம் காலடி மண்.

"வயரில் 230 வோல்ட் ஓடுகிறது" என்பார்கள். ஓடுவது மின்னோட்டம், அதன் அலகு ஆம்பியர், எதையும் செருகாத பிளக் பாயிண்டில் மின்னோட்டம் இல்லாவிட்டாலும், சுவிட்ச் போட்டிருந்தால் 230 வோல்ட் இருக்கத்தான் செய்யும்.